பட்டம் பெறுவோர் யார்? கணக்கு வேண்டும்

விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். அங்கே இறங்கும் ஒவ்வொரு சரக்குப் பெட்டகத்திற்கும் கணக்கு உண்டு. ஆனால் அதே கரையின் மீனவர் வீடுகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் துணை மருத்துவப் பட்டம் பெறுகின்றனர் என்று கேட்டால், உயர்கல்விப் புள்ளிவிவரத்தில் விடை கிடைக்காது.

பிசியோதெரபி, ஆய்வகத் தொழில்நுட்பம், செவித்திறன் - பேச்சுப் பயிற்சி ஆகிய படிப்புகள், மருத்துவத் துறைக்குள் நுழைய உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய படிக்கட்டுகள். கேரளத்தில் இவ்விடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் எல்.பி.எஸ். மையம் வழியே நிரப்பப்பட்டு வந்துள்ளன. அம்மாநிலத் தொழிற்கல்விச் சேர்க்கையில் லத்தீன் கத்தோலிக்கருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 3 சதவீதமும், தீவரருக்கு 2 சதவீதமும் இடஒதுக்கீடு உண்டு. இது காக்கப்பட வேண்டிய உரிமை. எனினும் இது வாசலை மட்டுமே அளக்கிறது. கட்டணம் கட்ட இயலாமல் இடையில் நின்றவர் எத்தனை பேர், பட்டம் பெற்றும் ஒப்பந்த ஊதியத்தில் தேங்கியவர் எத்தனை பேர் என்பதை அது சொல்லாது.

ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு பாலினத்தையும் சமூகப் பிரிவையும் பதிகிறது. 2021-22இல் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, பட்டியல் சாதியினருக்கு 25.9; பழங்குடியினருக்கு 21.2. எண்ணப்பட்டதால்தான் இந்த இடைவெளி அம்பலமாகிறது. பெற்றோரின் தொழிலோ அதில் பதியப்படுவதில்லை. கடலோடியின் மகளும் மீன் ஏற்றுமதியாளரின் மகனும் ‘இதர பிற்படுத்தப்பட்டோர்’ என்ற ஒரே கட்டத்திற்குள் அடைக்கப்படுகின்றனர். வர்க்கம் மறைந்துவிடுகிறது.

2021ஆம் ஆண்டின் தேசியத் துணை மருத்துவ ஆணையச் சட்டம், இத்தொழிலினருக்கு மத்திய, மாநிலப் பதிவேடுகளை ஏற்படுத்தியது. ஆனால் அந்த ஆணையம் 2025இல் வெளியிட்ட பாடத்திட்டங்களோ பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி படிப்புகளுக்கும் நீட் தேர்வை நிபந்தனையாக்கின. நீட் யாரை வெளியே தள்ளும் என்பதைத் தமிழகம் அறியும். பெற்றோர் வருமானம், பயிற்று மொழி, கிராமப்புறப் பின்னணி ஆகியவற்றை எண்ணிப் பார்த்தே நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் அந்த அநீதியை நிறுவியது. கணக்கு, போராட்டத்தின் ஆயுதம்.

எனவே பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பட்டமளிப்பின்போதும், தனிநபர் அடையாளமின்றி, பாலினம், சமூகப் பிரிவு, பெற்றோர் தொழில், முதல் தலைமுறைப் பட்டதாரி, இடைநிற்றல் ஆகிய விவரங்களைப் படிப்புவாரியாக வெளியிட வேண்டும். துணை மருத்துவப் படிப்புகளில் நீட் திணிப்பு கைவிடப்பட வேண்டும். மாணவர், மீனவர் அமைப்புகளில் பணியாற்றும் தோழர்கள் கடலோரக் கிராமங்களில் இக்கணக்கை இப்போதே தொடங்கி, அதைக் கோரிக்கையாக அரசின் முன் வைக்க வேண்டும்.