அடுப்புல ஈயம் உருக்குறவங்களுக்கு ஒரு த்ரெட்

கொஞ்சம் நீளம். பாகூர், வில்லியனூர் பக்கம் இருக்கிறவங்க முழுசாப் படிங்க. மத்தவங்களும் படிக்கலாம், ஈயத்துக்கு கம்யூன் எல்லை எல்லாம் தெரியாது.

ஒரு வாரமா வாட்ஸப்ல ஒரு வீடியோ சுத்துது. வெளிநாட்டுக்காரர் ஒருத்தர், தானே வார்த்த ஈயத் தோட்டா ரொம்ப இறுகிப் போச்சுன்னு கேக் சுடுற அடுப்புல வச்சு சூடாக்கி, மெல்ல ஆறவிட்டு மெதுவாக்குறார். அப்புறம் தேன்மெழுகையும் கொழுப்பையும் உருக்கி அது மேல புதுசாப் பூசுறார். நம்ம ஆளு ஒருத்தர் அதுக்குத் தமிழ்ல குரல் கொடுத்து, சமையல்கட்டே தொழிற்சாலை ஆயிடுச்சுன்னு சிலாகிக்கிறார். அதுக்குக் கீழ ஒரு கமெண்ட்: "நாங்க வலைக்குண்டு காலங்காலமா இப்படித்தான் ஊத்துறோம். ஒண்ணும் ஆகல."

ஆகுது. உங்க கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்.

முதல்ல தோட்டா விஷயத்தை முடிச்சிடுறேன். லைசென்ஸ் இல்லாம தோட்டா செய்யறது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். ஊசுட்டேரிக்கு வலசை வர்ற பறவையைச் சுடுறது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைப் பார்க்கத் தனித்தனியா துறை இருக்கு. உடனே "நரிக்குறவங்கதான் சார் சுடுறாங்க"ன்னு ரிப்ளைல வராதீங்க, பிளாக் பண்ணிடுவேன். நான் பேச வந்தது உங்க வீட்டு அடுப்பைப் பத்தி.

ஈயக்குண்டுன்னா நமக்குத் தோட்டாவும்தான், வலையில கட்டுற குண்டும்தான். நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம்னு கடற்கரை ஓரமானாலும் சரி, பாகூர் ஏரி, சங்கராபரணி ஆத்துல வீச்சுவலை போடுறவங்களானாலும் சரி, பெரும்பாலும் கடையிலதான் குண்டு வாங்குறாங்க. ஆனா காசு மிச்சம்னு பழைய பேட்டரியை உடைச்சு, உள்ள இருக்கிற தட்டை உருக்கி, வாசல்லயே ஊத்துற வீடும் இருக்கு. பேட்டரிக்கா பஞ்சம்? 2011 தானே புயல் கரண்டைப் பிடுங்கிட்டுப் போனதுக்கு அப்புறம் நம்ம பக்கம் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

பேட்டரித் தட்டுல இருக்கிறது சுத்த ஈயம் கிடையாது. இறுக்கம் வேணும்னு ஆண்டிமனி கலப்பாங்க, சிலதுல கால்சியம். கொஞ்சம் ஆர்சனிக்கும் இருக்கலாம். அதனாலதான் அதுல ஊத்தின குண்டைக் கயித்துல வச்சு அமுக்கினா மடங்காம விரிசல் விடுது. வீடியோக்காரர் தோட்டாவுக்கு என்ன பிரச்சினையோ அதேதான். என்ன பண்றாங்க? எங்கேயாவது கிடைச்ச சுத்த ஈயத்தைச் சேர்த்து மறுபடி உருக்குறாங்க. ஒரே குண்டு ரெண்டு தடவை, மூணு தடவை அடுப்பு ஏறுது. ஒவ்வொரு தடவையும் மேல மிதக்கிற கசடைக் கரண்டியால வழிச்சு ஓரமாத் தட்டுறாங்க. அந்த ஓரத்துலதான் பிள்ளைங்க விளையாடுது.

"புகையே வராதே டாக்டர்?" சரிதான். ஈயம் 327 டிகிரியில உருகும். அந்தச் சூட்டுல பெருசா ஆவியாகாது, அதுக்கு மேலயும் நல்லா எரியவிட்டாத்தான் ஆவி கணிசமாக் கிளம்பும். வீடியோக்காரர் வச்ச சூடு உருகுற சூடே இல்ல. ஆனா எனக்குப் பயம் தூசி மேல. கசடுல இருக்கிற ஈய ஆக்ஸைடு மாவு மாதிரி உதிரும். லுங்கியில ஒட்டும், பாயில ஒட்டும், பீடி பிடிக்கிற விரல்ல ஒட்டி நேரா வாய்க்குப் போகும். காத்தோட்டமா வாசல்ல உக்காந்து ஊத்துறோம்கிறது இதுக்குப் பதில் ஆகாது, தூசி உங்க காலோட வீட்டுக்குள்ள வந்துடும். மெழுகோ எண்ணெயோ பூசின ஈயத்தைத் தொட்டா இன்னும் மோசம். பிசுக்கோட கையில ஏறினது வெறும் தண்ணியில போகாது.

(ஒரு சின்ன வரலாறு. 1857-ல என்ஃபீல்டு துப்பாக்கியோட தோட்டா உறையைப் பல்லால கடிச்சுத் திறக்கணும், அதுல தடவினது மாட்டுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பான்னு கிளம்பின கோபத்துல வட இந்தியாவே பத்திக்கிச்சு. உறைக்குள்ள இருந்த ஈயத்தைப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடல. இன்னைக்கும் அதே கதைதான்.)

பெரியவங்க ஒருத்தர் முழுங்குற ஈயத்துல உடம்புக்குள்ள ஏறுறதைவிட, சின்னக் குழந்தைக்கு நாலஞ்சு மடங்கு அதிகமா ஏறும். இரும்புச்சத்து கம்மியா இருந்தா இன்னும் அதிகம். நம்ம அங்கன்வாடிப் பிள்ளைங்க ரத்தசோகை பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

ஒரு கேஸ் சொல்றேன், அடையாளம் தெரியாத மாதிரி கொஞ்சம் மாத்தி. நாலு வயசுப் பையன். வயித்துவலி, மலச்சிக்கல், வெளிறின முகம், தொட்டதுக்கெல்லாம் அழுகை. ஒரு கிளினிக்ல பூச்சி மருந்து, இன்னொரு கிளினிக்லயும் பூச்சி மருந்து, நடுவுல மந்திரிச்ச கயிறு. டானிக் குடிச்சும் ஹீமோகுளோபின் ஏறல. அப்பா என்ன தொழில்னு ஒருத்தரும் கேட்கல, ஓபி சீட்டுல அதுக்கு ஒரு கட்டமே கிடையாது. கேட்டதும் அம்மா சாதாரணமாச் சொன்னாங்க, "வலைக்குண்டு ஊத்துவாரு சார். இவன்தான் பக்கத்துல உக்காந்து எண்ணிக் குடுப்பான்."

ரத்தத்துல ஈயம் பார்க்கிற டெஸ்ட் எங்க மாதிரி சின்ன ஆஸ்பத்திரியில கிடையாது. வெளியில காசு கட்டித்தான் பார்த்தாங்க. மருந்து கொடுத்தே ஆகணும்கிற அளவுல ரிசல்ட் வந்தது. மருந்து ரத்தத்துல இருக்கிறதை இறக்கும். எலும்புக்குள்ள போய் உக்காந்தது பல வருஷம் அங்கேயே இருக்கும். பொண்ணுங்களா இருந்தா பிற்காலத்துல கர்ப்பமாகும்போது எலும்புல இருந்து கிளம்பி வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் போகும். மூளையில ஆன சேதம் திரும்புறதில்ல. மருந்து முடிஞ்சு அதே வாசலுக்கே பையனை அனுப்பினா அத்தனையும் வீண்.

அடுத்தது வழக்கமான அஸ்திரம்: "எங்க பாட்டி ஈயச் சொம்புலதானே ரசம் வச்சாங்க?" பாட்டி வச்சது வெள்ளீயச் சொம்பு. இங்கிலீஷ்ல டின். நீங்க உருக்குறது காரீயம். ரெண்டையும் ஈயம்னு ஒரே பேர்ல கூப்பிடுறது தமிழோட வசதி, உடம்புக்கு அது ரெண்டும் வேற வேற. வெள்ளீயம் 232 டிகிரியிலயே உருகிடும், அதனாலதான் தண்ணி ஊத்தாம சொம்பை அடுப்புல வைக்காதேன்னு பாட்டி கத்துவாங்க. (இப்போ கடையில விக்கிற சொம்புல என்ன கலந்திருக்குன்னு கேட்டு வாங்குங்க. அது வேற த்ரெட்.)

"வெறும் எம்பிபிஎஸ் படிச்சிட்டு பயமுறுத்துறான்"னு நினைக்கிறவங்களுக்கு: செனகல் நாட்டுல, டக்கார் பக்கத்துல தியாரோய்னு ஒரு கடலோர ஊர். பழைய பேட்டரியை உடைச்சு, ஈயம் கலந்த மண்ணைச் சலிச்சு விக்கிறது வீட்டு வாசல்ல நடந்த தொழில். 2007 கடைசியில இருந்து 2008 மார்ச்சுக்குள்ள 18 குழந்தைங்க செத்தாங்க. முதல்ல காரணம் என்னன்னே புரியல. 2020-ல யுனிசெஃப் அறிக்கை உலகத்துல 80 கோடி குழந்தைங்க ரத்தத்துல ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல ஈயம் இருக்குன்னு கணக்குச் சொன்னது. அதுல 27 கோடிக்கு மேல நம்ம நாட்டுப் பிள்ளைங்க. அந்த 5-ம் பாதுகாப்பான அளவுன்னு அர்த்தமில்ல. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இருக்கிறதாவே தெரியலைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

கோபம் உங்க மேல மட்டும் இல்ல. 2000-ல பெட்ரோல்ல இருந்து ஈயத்தை எடுத்தோம். வீட்டு பெயிண்ட்ல பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல கூடாதுன்னு விதி போட்டோம். பழைய பேட்டரிக்கு 2001-ல ஒரு விதி, 2022-ல இன்னொரு விதி. பதிவு பண்ண மறுசுழற்சி ஆலைக்குத்தான் அது போகணும். ஆனா காயலான் கடைக்காரர் கூடுதலா நூறு ரூபா தர்றார், பேட்டரி அங்க போகுது. விதி போட்ட யாராவது ஒரு காயலான் கடை வாசல்ல அரை மணி நேரம் நின்னு பார்த்திருப்பாங்களா?

மீனவர் மேல கேஸ் போடுன்னு நான் கேட்கல. மானியத்துல வலை குடுக்கும்போது குண்டையும் சேர்த்துக் குடுங்கன்னுதான் கேட்கிறேன். அதுவும் ஈயமா இருக்கணும்னு அவசியமில்ல. பிரிட்டன்ல அன்னங்கள் தூண்டில் ஈயத்தை முழுங்கிச் செத்ததால 1987-லயே சின்ன ஈயக்குண்டை விக்கிறதைத் தடை பண்ணிட்டாங்க. ஊசுட்டேரி வாத்தும் மண்ணுல கிடக்கிற குண்டைக் கூழாங்கல்லுன்னு நினைச்சு முழுங்குற ஜாதிதான். வீச்சுவலைக்கு இரும்புச் சங்கிலி கட்டலாம். நிலையா நிக்கிற வலைக்கு சுட்ட மண் குண்டு போதும். புவிசார் குறியீடு வாங்கின வில்லியனூர் சுடுமண் வேலை நம்ம கையில இருக்கு, பொம்மை செய்யற சூளையில குண்டு சுட முடியாதா? ஈயம் அளவுக்குச் சின்னதா இருக்காது, வேகமா மூழ்காது, ஒத்துக்கிறேன். அந்தக் கணக்கை வலை போடுறவங்களைக் கேட்டுப் போடுங்க, எங்களைக் கேட்காதீங்க.

இனி இதை இன்னைக்கே செய்ங்க. வீட்டுல உருக்குறதை நிறுத்துங்க. அந்தச் சட்டி, கரண்டி எதுவும் திரும்ப சமையலுக்கு வேண்டாம். உருக்கின இடத்தை உலர்ந்த விளக்குமாறால கூட்டாதீங்க, தூசி பறக்கும். ஈரத்துணியால துடைங்க, துணியைத் தூக்கிப் போடுங்க. வேலைத் துணியைத் தனியாத் துவைங்க, சாப்பிடுறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கை கழுவுங்க. பேட்டரியைப் புதுசு வாங்குற கடையிலயே திருப்பிக் குடுங்க.

உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ ஈயம் உருக்குறது நடந்திருந்து, ஆறு வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தா, இல்ல யாராவது மாசமா இருந்தா, ஓபிக்கு வரும்போது டாக்டர் கேட்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க: "எங்க வீட்டுல ஈயம் உருக்குவாங்க." அதைக் கேட்டா எந்த டாக்டரும் வெறும் பூச்சி மருந்து எழுதி அனுப்ப மாட்டார். அனுப்பினா எனக்கு டிஎம் பண்ணுங்க.