உணவும் சிகிச்சையே!

மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்க்கான பகல்நேர சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்றும், முதல் ஆண்டில் 200 மையங்கள் தொடங்கப்படும் என்றும் 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 14.61 லட்சம் பேர் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளானதாகத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் மதிப்பிட்டுள்ளது. சிகிச்சைக்காகப் பெருநகரங்களுக்கு அலையும் துன்பத்தைக் குறைக்கும் இம்முடிவு வரவேற்கத்தக்கது. ஆனால், காலையில் மருந்து ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்பும் நோயாளி, அடுத்த தவணை வரையிலான வாரங்களில் எதை உண்பார், எப்படி உண்பார் என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

இது சிறிய கேள்வி அன்று. புற்றுநோயாளிகளின் இறப்பில் 10 முதல் 20 சதவீதம் வரை நோயால் அன்றி, ஊட்டச்சத்துக் குறைவால் நேர்வதாக ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துக் கழகத்தின் வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது. உடல் மெலிந்தால் கீமோதெரபியின் பக்க விளைவுகள் கடுமையாகின்றன, தவணைகள் தள்ளிப்போகின்றன, மருந்தின் அளவைக் குறைக்க நேரிடுகிறது. விலை உயர்ந்த மருந்தை இலவசமாகக் கொடுத்தும் அதைத் தாங்கும் உடல் இல்லையென்றால் யாருக்குப் பயன்?

சிகிச்சைக் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது 1 கிராம், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்கிறது அதே வழிகாட்டுதல். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 50 முதல் 75 கிராம். நம் வீடுகளில் நோயாளிக்கு முதலில் தரப்படுவதோ கஞ்சி. ஒரு கைப்பிடி அரிசியில் காய்ச்சிய கஞ்சியில் 3 கிராம் புரதம் இருந்தாலே அதிகம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ஒரு தம்ளர் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவே.

ஆனால், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றைத்தான் பத்தியத்தின் பெயரால் முதலில் விலக்குகிறோம். போதாக்குறைக்கு, சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் கட்டி பட்டினியால் மடிந்துவிடும் என்று வாட்ஸ்ஆப்பில் உலவும் அறிவுரைகள் வேறு. எந்த உணவுக் கட்டுப்பாடும் புற்றுநோயைக் குணப்படுத்துவதாக நிறுவப்படவில்லை. பட்டினியில் முதலில் கரைவது நோயாளியின் தசைதான். என் உறவினர் ஒருவர் கதிர்வீச்சு சிகிச்சையின்போது ஏழு கிலோ மெலிந்தார். வாய்ப்புண்ணால் புளியும் காரமும் பட்டாலே எரிந்தது. அதனால் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டார். குழைந்த பருப்புச் சாதம், தயிர், மசித்த முட்டை என்று சிறிது சிறிதாக நாளைக்கு ஆறு வேளை உண்ணலாம் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

அறிவுரை மட்டும் போதாது என்பதும் உண்மை. கூலி வேலைக்குச் செல்பவர் நோயுற்றால் அவருடைய வருமானம் நின்றுபோகிறது. துணைக்குச் செல்பவரின் வருமானமும் பாதி போய்விடுகிறது. அந்த வீட்டில் முட்டையும் பாலும் யாருக்கு எட்டும்?

இதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. காசநோயாளிகளின் உணவுக்காக மாதம் 500 ரூபாய் வழங்கும் நிக்ஷய் போஷண் திட்டம் 2018-இல் தொடங்கியது. 2024 நவம்பர் முதல் அத்தொகை 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், உணவு உதவி பெற்ற காசநோயாளிகளில், சிகிச்சையின் தொடக்கத்திலேயே எடை கூடியவர்களிடம் இறப்பு குறைந்திருந்தது. காசநோயும் புற்றுநோயும் ஒன்றல்ல. ஆயினும், உணவு சிகிச்சையின் பகுதி என்ற கொள்கையை அரசு ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதைப் புற்றுநோயாளிகளுக்கும் நீட்டிப்பதில் என்ன தயக்கம்?

தமிழகத்துக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் பெயரில் அமைந்த மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் வழங்கப்படுகிறது. அதே போன்ற பெட்டகத்தைப் புற்றுநோயாளிகளின் தேவைக்கேற்ப வடிவமைத்து வழங்குவது அரசுக்கு இயலாத காரியம் அன்று.

மூன்று செயல்களைப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு பகல்நேர மையத்திலும் ஓர் உணவியல் வல்லுநர் பணியமர்த்தப்பட வேண்டும். ஒவ்வொரு தவணையின்போதும் நோயாளியின் எடையைக் குறித்து, அது குறைந்தால் உடனே உணவு ஆலோசனை தர வேண்டும். சிகிச்சை முடிந்தபின் சில மாதங்கள் வரையேனும் உணவு உதவி தொடர வேண்டும். ஏனெனில் இழந்த தசை ஓரிரு வாரங்களில் திரும்புவதில்லை.

மருந்துச் சீட்டில் மாத்திரையின் பெயருக்குக் கீழே அன்றாட உணவும் எழுதப்பட வேண்டும். அதை வாங்கும் வழியற்றவருக்கு அரசே வழங்க வேண்டும். அப்போதுதான் மையங்களுக்காகச் செலவிடும் கோடிகள் முழுப் பயனைத் தரும்.