எண்ணூர்: மீன் வளரும் இடம் வரைபடத்தில் வேண்டும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் பெருகும் காலத்தை அரசு காக்கிறது. அது வளரும் இடத்தை யார் காப்பது?

இறால், நண்டு, மடவைக் குஞ்சுகள் எண்ணூர் கழிமுகத்தின் அலையாத்திகளிலும் சேற்றிலும் வளர்கின்றன. 1996 கடலோர வரைபடத்தில் இருந்த இக்கழிமுகம் பிந்தைய வரைபடத்தில் இல்லை என்ற சர்ச்சை 2017இல் வெடித்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிபிசிஎல் ஆலை எண்ணெயும் இங்கே பரவியது.

மீன் இனப்பெருக்க இடங்களை வரைபடத்தில் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்றது 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை. குறிக்காத இடம் ‘காலி நிலம்’ ஆகிவிடும். துறைமுகமும் ஆலையும் அதைக் கேட்கும். இறால் எங்கே ஒதுங்கும் என்பதைக் காட்டுக்குப்பம் மீனவர்கள் அறிவார்கள். அவர்களை உடன் வைத்தே வரைபடம் தயாராக வேண்டும். கழிமுகம் நம் பிள்ளைகளுக்கான அமானிதம்.