குபேரபுரி கையேந்திய கதை

கையேந்தி நின்றது நியூயார்க்! ஆம், தோழர்களே! விண்முட்டும் மாளிகைகளும், பங்குச் சந்தையும், பெரும் பாங்குகளின் தலைமையகங்களும் கொலுவிருந்த அந்த மாநகர், 1975ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 17ஆம் நாள், அன்றைய தினமே கட்டித் தீர வேண்டிய 45 கோடி டாலருக்கு வழியின்றி விழித்தது. திவால் அறிவிப்பு அறிக்கையைக்கூட எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தார் மேயர் ஏப்ரகாம் பீம். அவர் கணக்கர் தொழில் பயின்றவர் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ஏன் வந்தது இந்நிலை? "ஏழைக்கு அள்ளிக் கொடுத்தார்கள், அழிந்தார்கள்" என்றனர் கனவான்கள். கட்டணமில்லாக் கல்லூரி ஏன், நகராட்சி மருத்துவமனைகள் இத்தனை ஏன் என்று விரல் மடக்கிக் கேட்டனர். நம்மை நோக்கியும் அதே விரல் நீளுவதை அறிவீர்கள்; ஆகவே சற்று நிதானித்தே பார்ப்போம்.

செலவு மிகுந்தது உண்மை. மறைப்பானேன்? ஆனால் மிகுந்த செலவுக்கு வரி கேட்கும் துணிவின்றி, கணக்கேட்டிலே வித்தை காட்டினார்களே, அதிலேதான் வினை விளைந்தது. பாலம் அமைக்கக் கடன் வாங்கலாம். பேரன் நடக்கப்போகும் பாலத்துக்குப் பேரனும் ஒரு பங்கு கட்டட்டும். 1960களின் நடுவிலிருந்து அந்நகரம் சம்பளம் முதலான அன்றாடச் செலவுகளையும் மூலதனக் கணக்கில் எழுதிக் கடன் வாங்கிற்று. வரப்போகும் வரியைக் காட்டி ஒரு கடன். அது வராதபோது, பழையதை அடைக்க ஒரு புதுக் கடன். நகராட்சியே உடைமையாக்கிக்கொண்ட கட்டடங்கள் மீதான வரியைக்கூட 'வரவேண்டியது' என்று எழுதினார்களாம்! தன் பையிலிருந்து தானே வசூலிக்கும் விந்தையை வேறெங்கு காண்பீர்கள்? 1975இல் குறுகிய காலக் கடன் மட்டும் ஏறத்தாழ 600 கோடி டாலர். அதுவரை அந்தப் பத்திரங்களை விற்றுப் பயனடைந்த பாங்குகள், அவ்வாண்டு வசந்தத்தில் கதவைச் சாத்திக்கொண்டன.

வருவாயோ தேய்ந்தது. 1969இல் தொடங்கிய சரிவில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் ஒழிந்தன. வசதி படைத்தோர் புறநகர் ஏகினர். வறியோர் உதவித்தொகையிலும் மருத்துவ உதவியிலும் ஏறக்குறைய கால் பங்கு நகரத்தின் தலையில். சட்டம் மேலே, சுமை கீழே!

1975 ஜூனில் நகராட்சி உதவிக் கழகம் அமைந்தது. விற்பனை வரி அதன் கடனுக்கு ஈடாயிற்று. செப்டம்பரில் நெருக்கடிக்கால நிதிக் கட்டுப்பாட்டு வாரியம். கவர்னர், மேயர், கணக்கதிகாரிகள் இருவர். மற்ற மூவர் பெரும் நிறுவனத் தலைவர்கள். தொழிலாளி ஒருவருக்கும் அங்கு நாற்காலி இல்லை. தொழிலாளியிடம் கேட்கப்பட்டவையோ ஏராளம்! ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர், ஊதிய உயர்வு நின்றது, சுரங்க ரயில் கட்டணம் 35 சென்ட்டிலிருந்து 50 ஆயிற்று. அந்த அக்டோபர் 17 அன்று நகரைக் காத்தது எவர் பணம்? ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி! 15 கோடி டாலருக்குப் பத்திரம் வாங்க இசைந்தார் அவர்கள் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர்.

அக்டோபர் 29இல் குடியரசுத் தலைவர் ஃபோர்டு, நகரை மீட்கும் எந்தச் சட்டத்தையும் தடுப்பேன் என்றார். "செத்தொழி என்கிறார் ஃபோர்டு" என்று மறுநாள் தலைப்பிட்டது ஓர் ஏடு. அச்சொல்லை அவர் உதிர்த்ததில்லை. பொருள் என்னவோ அதுதான் என்று நகரத்தார் கொண்டனர். டிசம்பரில் அவரே கையொப்பமிட்டார்: ஆண்டுக்கு 230 கோடி டாலர் வரை கடன், கருவூல வட்டிக்கு மேல் ஒரு சதம் கூடுதலாக. நகரம் வட்டியும் முதலுமாகத் திருப்பிச் செலுத்திற்று.

உண்மையில் நோய் தீர்த்த மருந்துகள் எவை? ஒளிவற்ற கணக்கு, பல்லாண்டுத் திட்டம், அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கும் வழக்கத்தைக் கைவிடல், நீதிமன்றச் செலவு போன்ற சுமைகளை மாநில அரசு ஏற்றல். இவற்றை நான் மனமார ஏற்கிறேன். நகர்மன்றங்களில் அமர்ந்துள்ள தோழர்கள் ஏட்டைப் புரட்டும்போது இவற்றை மனத்தில் கொள்ளட்டும்.

ஏற்க முடியாதது ஒன்றுண்டு. 1847 முதல் 129 ஆண்டுகள், தையற்காரர் மகனும் சுமை தூக்குவோர் மகளும் காசின்றிப் பயின்ற நகரக் கல்லூரிகளில் 1976இல் கட்டணம் விதித்தனர். நெருக்கடிக்காக என்றனர். 1981இல் நகரத்தின் வரவும் செலவும் சமமாயின. அந்த நான்காண்டுக் கல்லூரிகளில் கட்டணம் இன்றும் இருக்கிறது.