மார்கழிப் பனியும் மாதிரி விமானமும்

ஏட்டிற் கற்றதைக் கையாற் செய்து பார்க்கும் வழக்கம் நம் மாணாக்கரிடம் குன்றியுள்ளது என்பதைப் பெரியோர் பலர் எடுத்துக் கூறியுள்ளனர். அக்குறையை நீக்குதற்கு எளிய வழியொன்று உண்டு. எஞ்சின் பொருத்திய மாதிரி விமானம் ஒன்றைத் தானே கட்டிப் பறக்கவிடுதலே அது. அதற்கு உரிய காலம் மார்கழி, தை மாதங்களே என்பது என் துணிபு.

இம்முயற்சி நம் பகுதிக்குப் புதிதன்று. சென்னையில் உணவு விடுதி நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்பார், 1910ஆம் ஆண்டில் தாம் வகுத்த விமானத்தைச் சிம்ஸன் கம்பெனியாரைக் கொண்டு செய்வித்துப் பல்லாவரத்திலே பறந்து பார்த்தார். பொறியியற் கல்லூரியிற் பயின்றவரல்லர் அவர். மிட்டாய்த் தொழில் வல்லவர். அப்பல்லாவரம், நம் மறைமலைநகரை ஊடறுத்துச் செல்லும் பெருஞ்சாலையிலேயே வடக்கே உள்ளது. 1949இல் குரோம்பேட்டையில் தோன்றிய தொழில்நுட்பக் கழகத்திலேதான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் கற்றார். இன்றும் தேசிய மாணவர் படையின் வான்பிரிவினர்க்கு மாதிரி விமானக் கலை ஒரு பயிற்சியாக உள்ளது.

நிற்க, பனிக்காலம் ஏன் சிறந்தது? மழை ஓய்ந்துவிடும், கடற்காற்று எழுமுன் விடியற்பொழுதில் ஏரிக்கரை வெளிகளில் இலையும் அசையாது. அன்றியும், குளிர்ந்த காற்றுச் செறிவு மிக்கது. 35 பாகை வெப்பமுள்ள காற்றினும் 20 பாகையிலுள்ள காற்று ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்கு செறிவு கூடியது. ஆதலின் இறக்கை நன்கு தாங்கும். எஞ்சினும் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியான காற்றை உட்கொள்ளும்.

ஆயின் இந்நன்மையே அறியாதார்க்கு இடராகவும் முடியும். ஒரு தை மாதத்தில் எனக்கு நேர்ந்ததைக் கூறுகின்றேன். முதல்நாள் நண்பகலில் எஞ்சினை ஓட்டி, எரிபொருளை அளவிடும் ஊசித்திருகைச் செவ்வையாக அமைத்து வைத்தேன். மறுநாள் விடியலில் அது தரையிலே நன்கு முழங்கிற்று. விமானம் மேலெழுந்த சில நொடிகளில் ஓசை அடங்கிற்று. மூன்று மாத உழைப்பு வரப்பிலே சிதறிற்று. எரிபொருள் கெட்டதென்று வைதேன். உண்மை வேறு. குளிரிற் காற்று மிகுந்தது. எரிபொருளோ பழைய அளவே. கலவை வறண்டு, எஞ்சின் சூடேறி நின்றது. திருகைச் சிறிது திறந்திருப்பின் கேடில்லை. வெப்பத்தால் காற்றின் செறிவு குறையுமென்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவனே யான்! அவ்வறிவு அன்றுதான் என்னுடையதாயிற்று.

பனி கற்பிக்கும் பாடம் இன்னும் உண்டு. மெதனால் ஈரத்தை ஈர்ப்பது. கலத்தை மூடாது வைத்தால் எரிபொருள் பழுதாம். குளிரில் அது ஆவியாதல் குறையும், அதனுடன் கலந்த ஆமணக்கெண்ணெய் தடிக்கும். எனவே எஞ்சின் எளிதில் உயிர்பெறாது. பால்சா மரச் சட்டம் பனியில் நனைந்தால் இறக்கை முறுக்கிக் கொள்ளும். மாமல்லபுரக் கரையோரம் பறக்கவிடுவார், உப்புக்காற்றால் துரு ஏறாதபடி எஞ்சினுக்கு எண்ணெயிட்டு வைத்தல் வேண்டும்.

மின்மோட்டார் இருக்க இத்தொல்லை எதற்கு என்பர் சிலர். ஆயத்தமாய்க் கிடைக்கும் டிரோனை வாங்கினால் அன்றே பறக்கவிடலாமே என்பர் வேறு சிலர். மின்மோட்டார் தூய்மையானது, ஓசை குறைந்தது என்பதை யான் மறுக்கவில்லை. எனினும், பொத்தானை அழுத்தியவுடன் பறப்பது, தான் ஏன் பறந்தது என்பதை நமக்குச் சொல்லாது. நின்றுபோன எஞ்சினோ, ஏன் நின்றேன் என்று நம்மை வினவும். அவ்வினாவே கல்வி.

எச்சரிக்கையும் வேண்டும். சுழல்விசிறி நிமிடத்திற்குப் பதினாயிரம் சுற்றுக்கு மேலும் சுழல வல்லது. விரலால் தள்ளாது கோலால் தள்ளுக. மெதனால் நஞ்சு; பகலொளியில் அதன் தீக்கொழுந்து கண்ணுக்குப் புலனாகாது. மேலும் நம்மைச் சூழ்ந்து மீனம்பாக்கம் விமான நிலையமும், தாம்பரம் வான்படைத் தளமும், கல்பாக்கம் அணுமின் நிலையமும் உள்ளன. 2021ஆம் ஆண்டின் விதிகள் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகுத்துள்ளன. அவ்வரைபடத்தைக் காணாமலும், வேண்டுமிடத்து அனுமதி பெறாமலும் பறக்கவிடுதல் தகாது.

கல்லூரித் தலைவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். பனிக்காலம் முழுதும் விளையாட்டுவெளியின் ஒரு மூலையையும், பணிச்சாலையில் ஒரு மேசையையும் இதற்கு ஒதுக்குக. ஒருவர்க்கு ஒரு விமானம் வேண்டா. ஐவர்க்கு ஒன்று போதும். பழைய மாணவர் மனம் வைத்தால் செலவும் பெரிதன்று. சில விமானங்கள் உடையும், உடையட்டும். உடைந்ததன் காரணத்தைத் தாமே ஆராய்ந்து கண்டு, மறுபடியும் கட்டும் இளைஞரே நாட்டிற்கு வேண்டுவோர்.