எண்ணெய் பாய்லரைக் கழற்றுவது சரி, காசு யார் கொடுப்பது?

நம்மூரில் ஏசி இல்லாமல் தூக்கம் வராது என்று புலம்புகிறவர்கள் உண்டு. குளிர்நாடுகளில் கதையே தலைகீழ். அங்கே வீட்டைச் சூடாக்காமல் விட்டால் குழாயில் தண்ணீர் உறைந்து, குழாயே வெடித்துவிடும். அதனால்தான் பல வீடுகளில் நிலவறையிலோ தோட்டத்திலோ ஒரு பெரிய தொட்டி இருக்கும். அதில் டீசலுக்கு நெருங்கிய உறவான ஓர் எண்ணெய். லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். பாய்லர் அதை எரித்துத் தண்ணீரைச் சூடாக்க, அந்த வெந்நீர் அறை அறையாகச் சுற்றி வரும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய அடி விழுந்தது 1973-ல். அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைக்க, விலை சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்கானது. தன் எரிசக்தியில் சுமார் 90 சதவீதத்துக்கு இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்த டென்மார்க் ஆடிப்போனது. மின் நிலையங்களில் வீணாகும் வெப்பத்தைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பும் முறையை அது விரிவாக்கியது. நார்வே ஒருபடி மேலே போய், 2020 ஜனவரி முதல், சில விலக்குகளைத் தவிர, கட்டடங்களை எண்ணெயால் சூடாக்குவதையே தடை செய்தது. இத்தனைக்கும் அது எண்ணெய் விற்றுப் பணக்காரனான நாடு!

மாற்று என்ன? ஹீட் பம்ப். ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது அல்லவா, இது வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் தள்ளுகிறது. எரிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அதனால் 1 யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் கிடைக்கும்.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். 1 லிட்டர் எண்ணெயில் சுமார் 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. பழைய பாய்லர் 75 சதவீதம்தான் வீட்டுக்குத் தரும், மீதி புகைபோக்கி வழியே போய்விடும். ஆக 7.5 யூனிட். அதே வெப்பத்தை ஹீட் பம்ப் 2.5 யூனிட் மின்சாரத்தில் தந்துவிடும். ஆகவே இரண்டரை யூனிட் கரண்ட் ஒரு லிட்டர் எண்ணெயைவிட மலிவாக இருக்கும் ஊரில் மாதச் செலவு குறையும்.

கடும் குளிரில் ஹீட் பம்ப் படுத்துவிடும் என்பார்கள். குளிர் கூடக் கூடத் திறன் குறைவது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் எண்ணெயை மிக அதிகம் நம்பியிருந்த, பனி கொட்டும் மெயின் மாநிலம், 2025-க்குள் 1,00,000 ஹீட் பம்ப் என்று 2019-ல் இலக்கு வைத்து, 2023-லேயே எட்டிப் பிடித்தது.

அப்படியானால் தடை எங்கே? முதலீட்டில். மாதாமாதம் மிச்சமாகும், ஆனால் முதல் நாளே பெரிய தொகை வேண்டும். கையில் பணம் உள்ளவர் மாற்றிவிடுவார். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் வருடா வருடம் அதிகம் செலவழித்துப் பழைய பாய்லரையே ஓட்டுவார். வாடகை வீடு என்றால் இன்னும் மோசம். பாய்லர் வீட்டுக்காரருடையது, எண்ணெய்ச் செலவு குடியிருப்பவருடையது. மாற்ற வேண்டியவருக்கு மிச்சமில்லை, மிச்சம் கிடைக்கவேண்டியவருக்கு மாற்றும் உரிமை இல்லை! 2023-ல் ஜெர்மனியில் புதிய வெப்பமூட்டல் சட்டத்துக்கு எதிராக அவ்வளவு கோபம் கிளம்பியதிலும் இந்தச் செலவு பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எனவே வெறும் தடைச் சட்டம் மட்டும் போதாது. முதலில் சுவரிலும் கூரையிலும் வெப்பம் கசிவதை அடைக்க உதவ வேண்டும், அப்போது சிறிய ஹீட் பம்பே போதும். ஏழைகளுக்கு முழு மானியம். நடுத்தர வர்க்கத்துக்கு, மிச்சமாகும் தொகையிலிருந்தே மாதத் தவணை கட்டும் கடன். வாடகைக்கு விடுகிறவருக்குக் காலக்கெடு, கூடவே அந்தச் செலவை மொத்தமாக வாடகையில் ஏற்றக்கூடாது என்ற நிபந்தனை. இவை இல்லாமல் தடை மட்டும் வந்தால், குளிரில் நடுங்கப் போவது யார் என்று சொல்லத் தேவையில்லை.