விலங்குகள் பிடிக்கும்... படிப்பு பிடிக்குமா?

'விலங்குன்னா எனக்கு உயிர். அதைத்தான் காலேஜ்ல படிக்கப்போறேன்' என்று ப்ளஸ் டூ முடித்த பிள்ளை சொன்னால், வீட்டில் இரண்டு பதில்கள் வரும். 'அப்ப வெட்னரி டாக்டருக்குப் படி' என்பது ஒன்று. 'காட்டுல போய் என்ன வேலை பார்ப்பே?' என்பது இன்னொன்று. கேட்க வேண்டிய கேள்வி வேறு. 'நாள் முழுக்க ஒரு மிருகம்கூட கண்ணில் படாவிட்டாலும் இந்த வேலை உனக்குப் பிடிக்குமா?'

வனவிலங்கு உயிரியலில் பெரும்பகுதி, விலங்குகள் விட்டுச்சென்ற தடயங்களைப் படிப்பதுதான். செந்நாய் எதைத் தின்றது என்று தெரிய வேண்டுமா? அதன் எச்சத்தைக் கழுவி, உள்ளே இருக்கும் முடியை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். புள்ளிமானா, கடமானா என்று முடியே சொல்லிவிடும். புலிகளை எண்ணுவதும் இப்படித்தான். ஒரு புலியின் வரிகள் இன்னொரு புலிக்கு இருக்காது. ஒரே புலிக்கே இடப்பக்கமும் வலப்பக்கமும் வரிகள் வேறு. அதனால், பாதையின் இருபுறமும் தானியங்கி கேமரா கட்டுகிறார்கள். படத்தில் சிக்காத புலிகள் எத்தனை இருக்கும் என்று சொல்வது புள்ளியியல். கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் கவனிக்க!

நாங்குநேரியில் பிறந்த டாக்டர் ஏ.ஜே.டி.ஜான்சிங், சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1970-களில் பந்திப்பூர் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். கொன்றால் பரிசு கொடுத்த காலத்தையும் பார்த்த விலங்கு அது. பின்னாளில் டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கினார். 2024-ல் மறைந்தார்.

இதற்காக எடுத்த எடுப்பிலேயே தூர தேசம் போக வேண்டாம். பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி விலங்கியல் போதும். முதுநிலைக்கு உதகை அரசு கலைக் கல்லூரி, மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி இருக்கின்றன. டேராடூன் நிறுவனத்துக்கும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்துக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. விலங்கியல் பட்டதாரிகள் ஐ.எஃப்.எஸ் எனப்படும் இந்திய வனப்பணித் தேர்வும் எழுதலாம்.

பெற்றோரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆராய்ச்சி வேலைகளில் பல, திட்டம் முடிந்தால் முடிந்துவிடும் ஒப்பந்த வேலைகள். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. அதை மறைக்காமல் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

பிறகு, செலவில்லாத ஒரு பரீட்சை வையுங்கள். தெருமுனை மரமோ, ஊர்க் குளமோ... தினமும் காலையில் அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து, என்ன பறவை, எத்தனை, என்ன செய்தது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல் வாரம் எல்லோருமே எழுதுவார்கள். இருபதாவது நாளும் நீங்கள் எழுப்பாமலே நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினால், தயங்காமல் அப்ளிகேஷன் வாங்கிக்கொடுங்கள்.